இரண்டு விடியல்கள்

பனிமலைக் கணவாயொன்றில் பதினொரு நாள் காத்திருந்து, ஒரேயொரு விடியலைப் படம்பிடித்துத் திரும்பியது ஒரு கேமரா. கண்காட்சியின் முகப்பில் அந்தப் படமே இடம்பெற வேண்டும் என்பது அதன் ஆசை.

மேசைமேலிருந்த கணினி சிரித்தது. "அக்கா, நீங்கள் பையைவிட்டு இறங்குவதற்குள் உங்கள் பழைய படங்களைக் கலந்து நானும் ஒரு விடியலை உருவாக்கிவிட்டேன். பாருங்களேன்!"

"போடா, மேசையைவிட்டு நகராதவனே! குளிர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஐயாவுக்குத் தெரியுமே, அவரே சொல்லட்டும்."

புகைப்படக் கலைஞர் மாசிலாமணி முகப்புப் படத்தைத் தேர்ந்தெடுக்க வந்து அமர்ந்தார். திரையில் இரண்டு விடியல்களும் அருகருகே நின்றன. கேமராவுக்கு ஐயமே இல்லை. பதினொரு நாளும் அவர் தன் வழியாகவே அந்த மலையைப் பார்த்திருந்தார்.

கேமராவின் படத்தைச் சற்று நேரம் உற்று நோக்கியவர், அதை நீக்கினார். பிறகு கணினியின் படத்தைக் காட்டி மனைவியை அழைத்தார்.

"மரகதம், இங்கே வந்து பார். இதை எடுக்கும்போதுதான் என் விரல்கள் மரத்துப்போயின. உயிரோடு திரும்புவேன் என்றே நினைக்கவில்லை."

கணினியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா," என்றது அது, "அப்படியொரு மலையே உலகில் இல்லை."