வலி குறைஞ்சிருக்கு

கணவர் லஸ்ஹர் இரண்டாவது முறையும் கோதுமை ரவையில் செய்த மீன் குஸ்குஸைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தபோது ரஃபீக்காவுக்குக் கண் கலங்கியது.

"இந்த வாரமும் வலி குறைஞ்சிருக்கு," என்றார் அவர். "காரம்தான் கொஞ்சம் கம்மி."

சொந்த ஊர் அணிக்கு எதிராகவே பெனால்டி கொடுத்து, இன்றைக்கும் காப்பிக் கடையில் திட்டு வாங்குகிற பழைய கால்பந்து நடுவர் லஸ்ஹர். போன குளிர்காலத்தில், புற்றுநோய் அவருடைய எலும்புவரை பரவியிருப்பது தெரிந்தது.

மொனஸ்தீர் பல்கலைக்கழகத்தில் ரஃபீக்கா தன் பாதி ஆயுளைச் செலவழித்தது அதற்கான மருந்துக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில் மருந்தை ஏற்றி, கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் அனுப்பும் வழி அது. அவள் லேபில் தயாரான அந்த மருந்தை முதன்முதலாக நோயாளிகளிடம் சோதிக்கவிருந்த நேரம்.

லஸ்ஹரும் சேர்ந்தார். பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்குப் பழையது. யாருக்கு எது என்று முடிவு வரும்வரை டாக்டர்களுக்கே தெரியாது. நடுவில் யாராவது கைவைத்தால் சோதனை முழுவதும் வீண். சோதனையில் கணவரும் இருப்பதால் ரஃபீக்கா மருத்துவமனைப் பக்கமே போகாமல் ஒதுங்கிக்கொண்டாள்.

ஆரம்பத்தில் அவளுக்கு லேபில் வேலையே ஓடவில்லை. பிறகு ஒரு காலை, வலி தேவலை என்றார் அவர். அதற்கப்புறம் அவள் வேலைக்கு நடுவே பாட்டுக்கூட முணுமுணுத்தாள். குறட்டையில் உன் தூக்கம் கெடும் என்று சொல்லி அவர் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டபோது, நன்றாகத் தூங்குகிறார் என்று சந்தோஷப்பட்டாள்.

முடிவு வந்த அன்று, சோதனையை நடத்திய டாக்டர் செல்மா போன் செய்தாள். புது மருந்து பலித்துவிட்டது, கட்டிகள் சுருங்கியிருக்கின்றன, வலியும் பெருமளவு தணிந்திருக்கிறது என்றாள்.

ரஃபீக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்கு அப்பவே தெரியும். வீட்டுலயே பார்க்கிறேனே."



"லஸ்ஹருக்குப் போனது பழைய மருந்து, ரஃபீக்கா. வலி கூடிக்கிட்டே போகுதுன்னுதான் எங்ககிட்ட சொன்னார், வாராவாரம்."

இப்போதாவது அவருக்குப் புது மருந்தைக் கொடுக்கலாமா என்று ரஃபீக்கா கேட்டாள். நோய் ஈரலையும் பிடித்துவிட்டது, அவர் உடம்பு இனித் தாங்காது என்றாள் செல்மா.

வீட்டில் லஸ்ஹர் பால்கனியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், மற்றவர்களுக்கு மருந்து வேலை செய்ததா என்றுதான் முதலில் கேட்டார். அவள் ஆமென்று தலையசைத்தாள். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்கிட்ட மட்டும் ஏன் பொய் சொன்னீங்க?"

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"வலிக்குதுன்னு சொல்லியிருந்தா, லேபுலேர்ந்து நீயே மருந்தைத் தூக்கிட்டு வந்திருப்பே."