எட்டுச் சொட்டு

"சத்தியமா சொல்லு, ஆலையில எவ்ளோ வெல்லம் துன்னே?"

தாட்சாயணியின் குரலில் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அவள் இடுக்கியில் பிடித்திருந்த கண்ணாடிக் குழாய்க்குள் மருந்து செங்கல் நிறமாகிக் கொதித்துக்கொண்டிருந்தது.

கோவர்த்தனன் குழாயையே வெறித்துப் பார்த்தபடி நின்றான்.

வெதுருகுப்பம் பக்கத்துக் கரும்பாலையில் பாகு பதம் பார்ப்பவன் அவன். கொப்பரையில் கொதிப்பதை ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, "இறக்கு" என்று அவன் சொன்னால்தான் இறக்குவார்கள். அந்த நாக்குதான் சோறு போட்டது. போன வருஷம் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும், கம்பவுண்டர் முனிகிருஷ்ணன் அவனை நம்பாமல் மனைவி தாட்சாயணியிடம்தான் குழாயையும் நீல மருந்தையும் கொடுத்தார்.

"வாரம் ஒருக்கா எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சும்மா. நீலமாவே இருந்தா நல்லது. செவந்துச்சுன்னா ஊசிதான். அப்புறம் கொப்பரை பக்கமே அனுப்பாத."

எல்லை பிரிப்பில் ஊர் ஆந்திராவோடு இருக்குமா, மெட்ராஸுக்குப் போகுமா என்று ஆண்கள் டீக்கடையில் அடித்துக்கொண்டார்கள். தாட்சாயணிக்கு அந்தக் கவலை இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் குப்பியில் கொண்டுவந்து தருவதில் நீலம் வந்தால் போதும். ஒரு வருஷமாக வந்தது. இன்றைக்குக் குடி முழுகிவிட்டது.

"இன்னொரு தபா காய்ச்சு" என்றான் கோவர்த்தனன்.

"ரெண்டு தபா காய்ச்சிட்டேன்! வர்ற நிறந்தான் வரும். நாக்கைக் கட்டுய்யான்னு எத்தினி தபா தலைபாடா அடிச்சுக்கினேன்?"

"கத்தாதமே. உள்ள கொழந்த லட்சுமி தூங்குது."

அவன் ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்தான்.

"கம்பவுண்டர் அன்னிக்கு இன்னா சொன்னாரு? திரும்பச் சொல்லு."

"நீ காதுல வாங்கினாத்தானே! துன்ற சோறு ரத்தத்துல சர்க்கரையா சேருதாம். வயித்துக்குப் பின்னால ஒரு சுரப்பி இருக்குதாம். அதுல ஊறுற இன்சுலின்தான் மடையத் தொறந்து சர்க்கரைய உடம்புக்குள்ள விடுதாம். அது ஊறலேன்னா, மடை அடைச்ச தண்ணி வரப்பு மேல வழியற மாதிரி, சர்க்கரை மூத்திரத்துல வழியுமாம்."

"வரப்பு மேல தண்ணி, உள்ள பயிரு காயும்."

"ஆமா. எத்தினி துன்னாலும் இளைக்கும், ராத்திரியெல்லாம் தாகம் எடுக்கும்னாரு." அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எங்க இளைச்ச? தூணாட்டம்தான் நிக்கற."

அந்தத் தூண் சட்டென்று சுவரோடு சரிந்து உட்கார்ந்தது. தாட்சாயணிக்குக் கோபமெல்லாம் பறந்துபோனது. பயம் பிடித்துக்கொண்டது.

"இன்னாய்யா? மயக்கமா வருதா?"

"ஊசி போட்டா உசிரு நிக்கும் இல்ல?"

"தெனம் போட்டா நிக்கும்னாரு."

"அப்ப இன்னிக்கே போட்டுடணும். பாகாலாவுல ரயில் ஏறினா வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம். துணிமணி எடுத்து வை."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிறவன், இன்றைக்கு அதற்காகப் பறக்கிறான். உடம்புக்குள் அப்படி என்ன செய்கிறதோ? தாலியைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"எதையும் மறைக்காத. உனுக்கு இன்னா செய்யுது?"

"எனுக்கு ஒண்ணும் செய்யல." அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "செவப்பு வந்தா கொப்பரைய விட்டு நிறுத்திடுவியே, பொழப்பு போயிடுமேன்னு பயந்துட்டேன். என்னை அடி, கொல்லு, எது வேணா செய். ஆனா சீக்கிரம் கெளம்பு."

"எதுக்கு அடிக்கணும்?"

கோவர்த்தனன் வாய்விட்டு அழுதான்.

"ஒரு வருஷமா அந்தக் குப்பியில உனுக்குக் கொண்டாந்து குடுத்தது என்னுது இல்லமே, நம்ம லட்சுமியோடது."