கயிறு கட்டிய வரிசை

வாசலில் இரண்டு பேருந்துகள் வந்து நின்றன. நான் ஒன்றுக்குத்தான் ஏற்பாடு செய்திருந்தேன்.

தப்பு என்னுடையது. ஒரு பள்ளியின் பெயரை மனைவியின் நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். இன்னொன்றை என் போனில் பதிந்திருந்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

அவள் இருந்தவரை நாட்குறிப்பு மட்டும்தான்.

எங்கள் பண்ணைக்கு வரும் பிள்ளைகள் நிலக்கடலை பிடுங்குவார்கள். எப்போதோ வந்துபோன வேறொரு வகுப்பு விதைத்த வரிசை அது. பிடுங்கியதை அவித்துச் சாப்பிட்டுவிட்டு, இனி வரப்போகும் யாருக்கோ ஒரு வரிசை ஊன்றிவிட்டு வண்டி ஏறுவார்கள். அவள் ஏற்படுத்திய வழக்கம்.

அன்றைக்கு முற்றிய வரிசை ஒன்றே ஒன்று இருந்தது. முதல் பேருந்துக்கு அது சரியாகப் போயிற்று.

இன்னொரு வரிசையும் இருந்தது. அதைச் சுற்றி நான் கயிறு கட்டியிருந்தேன்.

அவள் கடைசியாக ஒரு வகுப்போடு குந்தி உட்கார்ந்து ஊன்றிய வரிசை. பத்து நாள் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டாள். முனையில் நட்ட குச்சியில் தேதி அவள் கையெழுத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான்கு மாதத்துக்கு மேல் நான் நிலத்தில் இறங்கவில்லை. இறங்கிய அன்று மற்ற வரிசைகளை மாமியார் விதைத்து வைத்திருந்தார். அவளுடைய வரிசையும் பச்சைப்பசேலென்று, மஞ்சள் பூவோடு நின்றது.

அன்றே கயிறு கட்டினேன். தினமும் காலையில் நானே தண்ணீர் ஊற்றினேன். வேறு யாரையும் அண்ட விடவில்லை.

இரண்டாவது பேருந்திலிருந்து நாற்பது பிள்ளைகள் இறங்கி வரிசையில் நின்றார்கள். அந்த வரிசை நடுவில் உடைந்து ஓணானைத் துரத்திக்கொண்டு போனது.

சமையல் கொட்டகையில் மாமியாரிடம் போய்ச் சொன்னேன். நிலக்கடலை கப்பலேறிக் கடல் தாண்டி வந்த கதையை மட்டும் இவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றேன்.

வந்த பிள்ளைகளுக்குக் கப்பலையா அவித்துப் போடுவது என்று கேட்டார். கரண்டியைப் பாத்திரத்தின் மேல் குறுக்கே வைத்துவிட்டு நிலத்தில் இறங்கினார்.

நேராக அந்த வரிசைக்குத்தான் போனார். கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். நான்கு மூலையிலும் அவிழ்த்து, கையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

பெற்ற மகள் ஊன்றியது. எப்படி மனசு வந்தது?

பிள்ளைகள் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவளுடைய குறிப்பில் இருப்பதை அப்படியே.

பூ மேலே பூக்கும். பிறகு ஊசி மாதிரி ஒன்று கீழே இறங்கி மண்ணுக்குள் போய்க் காயாகும். நூற்றுப்பத்து நாளில் முற்றும். அதற்கு மேல் விட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும், செடி காய்ந்துவிடும்.

இரண்டு மாதமாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்கிறேன். நான் ஒரு தடவைகூடக் காதில் வாங்கியதில்லை.

கண்ணாடி போட்ட ஒரு சிறுமி குச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

“சார், நூத்திப்பத்து நாள்னு சொன்னீங்க. இதுல இருக்குற தேதிப்படி எரநூத்தி நாலு நாள் ஆச்சே. அப்புறம் ஏன் இன்னும் பச்சையா இருக்கு?”

செடிக்கும் லீவு விட்டிருப்பாங்க என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை அதட்டினார்.

நான் குச்சியைப் பார்த்தேன். செடியைப் பார்த்தேன். கல்லூரியில் கணக்குப் படித்தவன் நான்.

மாமியார் குனிந்து முதல் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினார். காய்கள் வெளிறி, இளசாக இருந்தன. அதைச் சிறுமியின் மடியில் போட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு செடியைப் பற்றி இழுக்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் என் பக்கம் வந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“அது அப்பவே முத்திடுச்சு மாப்ளே. நீங்க ரூமுக்குள்ள இருந்தீங்க. வீணாப் போக விடலாமா? பிடுங்கி, பாதியை இங்கயே திரும்ப ஊனிட்டேன்.”

மீதிப் பாதி எங்கே என்று கேட்டேன்.

அவர், ஒரு சிறுவன் இழுத்த இழுப்பில் வேரறுந்து வந்த செடிக்குக் கீழே விரலால் மண்ணைக் கிளறி, உள்ளே தங்கிவிட்ட காய்களை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

அவர் சொல்லத் தேவையும் இல்லை.

அந்த நான்கு மாதத்தில் அறை வாசலில் வைக்கும் தட்டை நான் பெரும்பாலும் தொட்டதில்லை. ஒரு நாள் மட்டும் தட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் இருந்தது. உப்புப் போட்டு அவித்த கடலை. ஒன்றை உரித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கிண்ணம் நிறைய வெறும் ஓடு.

அதை எடுத்துக்கொண்டு நானே கொட்டகைக்குப் போனேன். அவ்வளவு நாளில் அன்றுதான் முதலில் வாசல் தாண்டினேன். இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

மாமியார் கிண்ணத்தை வாங்கி நிரப்பித் தந்தார். சட்டென்று திரும்பி, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அடுப்பில் நெருப்பு இல்லை.