நகரும் நடுகல்

மதிப்பிற்குரிய சிற்பி எழினி அம்மையாருக்கு,

வணக்கம். கடல்சுவரின் கதவை மூடப்போய் அலையோடு போன என் அக்காள் கணவருக்காகத் தாங்கள் செய்த நகரும் நடுகல் நேற்று வந்து சேர்ந்தது. எட்டு மாதமாக வாய் திறக்காத அக்காவை அதன் முன் உட்காரவைத்தோம். கல்லில் செதுக்கிய உருவங்கள் அசையத் தொடங்கின; அத்தான் கதவை இழுத்து மூடினார். உடனே, சோழர் காலத்து நடுகற்களில் உள்ளதுபோல், தேவமகளிர் இருவர் இறங்கிவந்து அவரைக் கைபிடித்து வானுக்கு அழைத்துப்போனார்கள்.

"யாருடா இவளுவ? எம் புருசன் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போறாளுவ!" என்றாள் அக்கா.

எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "சிற்பிகிட்டச் சொல்லி அவங்கள எடுத்துடச் சொல்லவா அக்கா?" என்றேன்.

"வேணாம்டா, இருந்துட்டுப் போவட்டும். அந்த மனுசன் தனியாப் போவலைல்ல?"

பிறகு தானாகவே சோறு கேட்டுச் சாப்பிட்டாள். அதற்குத்தான் அம்மா, இந்த நன்றிக் கடிதம்.