நீலம் அடித்த குண்டு

வெளியே அமெரிக்காவின் டகோட்டாப் பனி கொட்டியது. இறந்துபோன ஆர்வில் சேர்த்து வைத்திருந்த பழைய ராணுவக் குண்டுகளை அவர் மனைவி வெர்னா விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்த லோவெல் ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"பயமா இல்லையா?" என்றார் வெர்னா.

"நீலம்னா பயிற்சிக் குண்டுங்க. வெடிக்காது. பச்சைதான் ஆளைக் கொல்லும். போன வாரம் உங்ககிட்ட வாங்கினத எங்க வீட்டுல குளிர்காய எரியுற கணப்படுப்புகிட்டயே நிறுத்தியிருக்கேன்."

"ஆர்வில் ஒருநாள் பச்சையில ரெண்டு கொண்டாந்தாரு. நான் அழுது ஊரைக் கூட்டிட்டேன். பாவம் மனுஷன், எனக்காக மறுநாளே ரெண்டுக்கும் நீலம் அடிச்சுட்டாரு."

"அந்த ரெண்டும் எங்க?"

"ஒண்ணு உங்க கையில. இன்னொண்ணத்தான் போன வாரம் கொண்டு போனீங்களே."

லோவெல் கையிலிருந்ததை மெல்ல இறக்கி வைத்துவிட்டு மனைவிக்கு போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.