மீட்டர் இருக்கும் அறை

பதினொன்று என்று எண் போட்டுவிட்டு வொங்காய் பேனாவை மூடினாள்.

முதல் பத்துக் குறிப்புகளும் தடையில்லாமல் வந்துவிட்டன. நாய்க்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாப்பாடு; தாமதமானால் செருப்பைத் தின்றுவிடும். செவ்வாயும் வெள்ளியும் குழாயில் தண்ணீர் வராது. கோவோ கீரையில் அடி இலையைத்தான் பறிக்க வேண்டும், கொழுந்தில் கை வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டால் கொடுக்கலாம், ஏணி கேட்டால் கூடாது.

பதினொன்றாவது, மின்சார மீட்டர். அங்கேதான் கை நின்றுவிட்டது.

நாளைக் காலை அவளும் கணவர் ஜோசாயாவும் இங்கிலாந்துக்குக் கிளம்புகிறார்கள். அங்கே மகனுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. திரும்பி வர மூன்று மாதமாகும். அதுவரை மருமகன் தபெராவும் அவன் மனைவி ஷூவாயும் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

வீட்டை நீட்டிக் கட்டியபோது பழைய வெளிச்சுவர், மீட்டரோடு சேர்ந்து, அவர்கள் படுக்கையறைக்குள் வந்துவிட்டது. முன்பணம் கட்டி மின்சாரம் வாங்கினால், கொடுக்கும் சீட்டில் இருபது எண்கள் இருக்கும். அதை அந்த மீட்டரில் அழுத்தினால்தான் விளக்கு எரியும், ஃப்ரிட்ஜ் ஓடும்.

அவர்கள் ஊரான க்வேருவில் எந்த மருமகனும் மாமியாரின் படுக்கையறைக்குள் கால் வைக்க மாட்டான். அறை பற்றி எரிந்தாலும், வாசலில் குந்திக் கைதட்டி மரியாதை செய்துவிட்டு, அங்கிருந்தேதான் தண்ணீர் ஊற்றுவான்.

போன வருஷம் வொங்காய் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஜோசாயாவும் துணைக்கு அங்கேயே இருந்தபோது, தபெரா ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பி வழியாகத் துடைப்பக் கட்டையை நீட்டி ஒவ்வொரு எண்ணாகக் குத்தினான். திரும்பத் திரும்பத் தப்பாகி மீட்டர் பூட்டிக்கொண்டது. ஃப்ரிட்ஜில் இருந்த அரை ஆடு கெட்டுப்போய் நாய்க்குப் போயிற்று. அந்த வழக்கத்தை மனதார வாழ்த்திய ஒரே ஜீவன் அந்த நாய்தான்.

ஆக, இந்த மூன்று மாதமும் உள்ளே போக ஷூவாயை விட்டால் ஆள் இல்லை. அவளிடம் அந்த அறைச் சாவியைக் கொடுக்க வொங்காய்க்கு மனம் வரவில்லை.

"சாவியக் கொடுத்தா முடிஞ்சது. மூணு மாசம் அதுங்க ரெண்டும் மெழுகுவத்தியிலயா குடித்தனம் பண்ணும்?" என்றார் ஜோசாயா.

"மீட்டர வெளியில மாத்துங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். காதுல வாங்கினீங்களா?"

அவர் வாங்கவில்லை. இப்போதும் அவர் பார்வை ஹால் சுவரில்தான் இருந்தது. அங்கே ஒரு சதுரம் மட்டும் பெயின்ட் புதிதாகத் தெரிந்தது. காலையில்தான் வொங்காய் அங்கே தொங்கிய படத்தைக் கழற்றிப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் மாட்டினாள்.

இரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். தபெரா வாசலிலேயே குந்தி, தலை குனிந்து கைதட்டினான். "அத்தை, சௌக்கியமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மாமனாரோடு கோழிக்கூண்டைப் பார்க்கப் போய்விட்டான்.

வொங்காய் ஷூவாயை அழைத்துக்கொண்டு அடுப்பு, வாளிகள், மாவு மூட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஷூவாயும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். படுக்கையறை வாசல் வந்ததும் அங்கேயே மண்டியிட்டுவிட்டாள்.

"அம்மா, சாவி வேணாம். பெத்த மக போற ரூமு அது. நான் ஜன்னல் வழியா அழுத்திக்கிறேன்."

பையிலிருந்து ஒரு நீண்ட குச்சியை எடுத்தாள். கொய்யாக் குச்சி. உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று தேய்த்திருந்தாள். நுனியில், எண்ணில் வழுக்காமல் இருக்க, பென்சில் அழிக்கும் ரப்பரை நறுக்கி நூலால் கட்டியிருந்தாள்.

வொங்காய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூலை எத்தனை பொறுமையாகச் சுற்றியிருக்கிறாள் இந்தப் பெண். தன் வாசலை மிதித்துவிடக் கூடாதே என்று எத்தனை நாள் உட்கார்ந்து தேய்த்தாளோ. அந்தப் படம் இவள் கண்ணில் பட்டால் மனம் நோகுமே என்றுதான் கழற்றியதாகக் காலையிலிருந்து தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள் வொங்காய். அது பொய். இவள் கண் அதில் படுவது தனக்குத்தான் பொறுக்கவில்லை. நினைக்க வெட்கமாக இருந்தது.

"இத கோழி விரட்ட வச்சுக்க," என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தாள். சாவியை ஷூவாயின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

உள்ளே, மீட்டருக்குப் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. கோட்டு போட்ட தபெரா. அவன் தோளில் சாய்ந்து, வெள்ளைக் கவுனில் சிரிக்கும் ருவிம்போ. வொங்காயின் ஒரே மகள். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு காலை, மூச்சிழுப்பு வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டவள்.

ஷூவாய் மீட்டரைப் பார்க்கவில்லை. படத்தின் முன்னால் மறுபடி மண்டியிட்டு, கைகளைக் குவித்து, மூத்தவர்களுக்குத் தட்டுவதுபோல் மெல்லத் தட்டினாள்.

வொங்காய் ஹாலுக்கு வந்து நோட்டை எடுத்தாள். கண்ணீர் மறைத்ததால் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

"பதினொன்று. மீட்டர் படுக்கையறையில் இருக்கிறது, நிதானமாக அழுத்து. அப்படியே உன் அக்காவின் படத்தையும் துடைத்துவிடு. தூசி அவளுக்கு ஆகாது."