பூசணிக்காய்

கைதட்டல் நிற்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

நிற்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள், பின்னால் சுவரோரம் அவர்களின் புருஷன்மார்கள், எல்லோரும் தட்டினார்கள். மடியிலிருந்த குழந்தை மிரண்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்தில் அவன் மனைவி மேகலா சிரித்தபடி மறுபடியும் சொன்னாள். "கடைசி வரைக்கும் நான் அந்த வார்த்தையச் சொல்லவே இல்லைங்க."

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஊசி மருந்து இல்லாமல் வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கான வகுப்பு அது. பெற்று முடித்தவர்களைக் கூப்பிட்டு அனுபவம் சொல்லச் சொல்வார்கள்.

போன வருஷம் இதே பாயில் அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வலி வந்தால் எந்தப் பெண்ணும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கத்தத்தான் செய்வாள், அதைக் காதில் வாங்காதீர்கள் என்பது வகுப்பின் பாடம். அதனால் ஒவ்வொரு ஜோடியும் ஒரு வார்த்தையை முடிவு செய்துகொள்ள வேண்டும். வலியில் யாரும் கத்தாத வார்த்தையாக. அது அவள் வாயில் வந்துவிட்டால் மறுபேச்சில்லை. வாசலில் நிற்கும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

அவள் வயிற்றைப் பார்த்து அவன் கேலி செய்யும் வார்த்தையையே வைத்தார்கள். பூசணிக்காய். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

வலி வந்த அன்றைக்கு அவள் அதைச் சொன்னாள்.

கத்தவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. மருத்துவச்சி வெந்நீர் எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தாள். அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காதோரமாகச் சொன்னாள்.

கார் சாவி அவன் பாக்கெட்டில் இருந்தது.

என் பொண்ண வெச்சு விளையாடாதீங்க மாப்பிள்ளை என்று கையெடுத்துக் கும்பிட்ட மாமியாரை நினைத்தான். ஆபீஸில் சவடால் விட்டதை நினைத்தான். அட, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தான்.

அவளைத்தான் நினைக்கவில்லை.

மூச்சை விடும்மா, மெதுவா விடு என்று முதுகைத் தடவிக் கொடுத்தான்.

அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை.

குழந்தை கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து வந்தது. உடனே அழவில்லை. மருத்துவச்சி அதன் உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள், மறுபடியும் சுண்டினாள். அது வீறிட்டு அழுகிறவரைக்கும் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது.

பிழைத்துவிட்டது. இவன் சாமர்த்தியமா? மண்ணாங்கட்டி.

கும்பிட்ட மாமியார் இப்போது எங்க மாப்பிள்ளை மாதிரி வருமா என்று ஊரெல்லாம் சொல்கிறாள். அவள் பரிமாறுகிற சோறு அவனுக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

மேகலாவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறான். குழந்தை அழும். குக்கர் விசிலடிக்கும். தப்பித்தோம் என்று விட்டுவிடுவான். வலி மயக்கத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டான். சொல்லவே இல்லை என்று அவள் முதன்முதலாக ஊரார் முன்னால் சொன்னபோது அப்பாடா என்றுகூட இருந்தது. பாவி.

முன்வரிசையில் ஒரு பெண். நிறைமாதம். அவள் புருஷன் வாயெல்லாம் பல்லாக மேகலாவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் மட்டும் இவனைப் பார்த்தாள்.

"அண்ணா, ஒருவேளை அக்கா சொல்லியிருந்தா, கூட்டிட்டுப் போயிருப்பீங்கதானே?"

போயிருப்பேன்மா என்று சொன்னால் போதும். சொல்லிப் பழகிய பதில்தான்.

அந்தப் பெண் பயந்திருந்தாள். அவள் புருஷன் அதைக் கவனிக்கவே இல்லை.

"சொன்னாம்மா," என்றான். "நான்தான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

மேகலா அவன் பக்கம் திரும்பினாள். நானா, எப்போ சொன்னேன் என்று கேட்பாள் என்று நினைத்தான்.

அவள் அப்படிக் கேட்கவில்லை.

"கேட்டுச்சா உங்களுக்கு?" என்றாள். "கேட்டிருக்காதுன்னுல்ல இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."